போட்டியும் தனித்துவமும்: கல்முனைக் கவிதை பற்றிய ஒரு குறிப்பு

போட்டியுணர்வு கவிஞனது வளர்ச்சிக்குத் துணையா, தடையா என்னும் வினாவுக்குக் கல்முனைப் பகுதிக் கவிதை வரலாறு பயனுள்ள விடையொன்றைத் தருகின்றது. பெரியநீலாவணையிற் பிறந்த நீலாவணன் (1931-1975) கல்முனை எழுத்தாளர் சங்கத்தின் வழி இளங்கவிஞர் பலரை ஈர்த்தவர். சந்தச் செழுமையும் ஆன்மிக நாட்டமும் அவர்தம் கவிதைக்குரியன. கல்முனைக்குடி எம். ஏ. நுஃமான் அச்சூழலிலே எழுதத் தொடங்கியவர்.

வல்ல மூத்தவரொருவர் அருகிருக்க, அவரை விஞ்சும் உந்துதல் இளையவர்க்கு இயல்பு. அவர்தம் களத்திலேயே விஞ்ச முனைந்திருப்பின் நல்ல நகலொன்றே எஞ்சியிருக்கும். 1969இல் 'கவிஞன்' இதழைத் தொடங்கிய நுஃமானோ பேச்சோசையையும் சமூக நோக்கையும் தம் வழியாக்கினார்; 'தாத்தாமாரும் பேரர்களும்' (1977) அதற்குச் சான்று. நீலாவணனும் தம் வழி நின்றே உழவர் வாழ்வைப் பாடினார். அவ்வாறெழுந்த 'வேளாண்மை' அவர் மறைவின் பின்னர், 1982இல் நூலாயிற்று. ஒருவரது உயர்ச்சி மற்றவரது தாழ்ச்சியாகவில்லை.

முதலிடத்தை மட்டும் நாடும் வேட்கை அளவுகோலைப் பிறர் கையிலே விட்டுவிடுகின்றது. வல்லாரோடு தன்னை அளந்து, பின் வேறாக எழும் வேட்கையே ஆளுமையை ஆக்குகின்றது. பரிசுப் போட்டிகளால் இளங்கவிஞரை வளர்க்க முனைவோர் இவ்வேறுபாட்டைக் கருத்திற் கொள்ளல் தகும்.