கோப்பின் தேதி பாடச்சான்றாகுமா?

ஓர் எழுத்தாளரின் கணினியில் ஒரே கதையின் இரு வரைவுகள் கிடைக்கின்றன எனக் கொள்வோம். எது முந்தையது என்பதைக் கோப்பின் ‘திருத்திய தேதி’ கொண்டு துணிவது எளிது. ஓலைச்சுவடியின் இறுதியில் படியெடுத்தோர் எழுதிவைத்த நாட்குறிப்புக்கு அதனை நிகராகக் கொள்ளவும் தோன்றும். இவ்வொப்புமை பொருந்தாது. சுவடியின் குறிப்பு ஏட்டிலேயே உள்ளது. ஏடு கைமாறினும் உடன்செல்லும். கோப்பின் தேதியோ கோப்பினுள் இல்லை. கோப்பு முறைமையின் பதிவேட்டில் உள்ளது. ஆகவே ஓர் எழுத்தும் பிறழாமல் கோப்பு நகலாகும்போதே அதன் தேதி மாறிவிடக்கூடும்.

யுனிக்ஸ் வழிவந்த முறைமைகளில் ‘சிபி’ கட்டளை, நகலெடுத்த நேரத்தையே புதிய கோப்பின் திருத்த நேரமாக இடும். பழைய நேரத்தைக் காக்குமாறு தனியே பணித்தால் திருத்த நேரம் நிற்கும், ‘சிடைம்’ நிற்காது. ‘சிடைம்’ என்பதைக் கோப்பு உருவான நேரமெனப் பொருள்கொள்வோர் உளர். உண்மையில் அது உள்ளடக்கமோ, அனுமதி முதலிய விவரமோ இறுதியாக மாறிய நேரம். விண்டோசில் நகலெடுத்தால் திருத்திய தேதி பழையதாகவும் உருவாக்கிய தேதி புதியதாகவும் அமைவதுண்டு. பிறக்குமுன்பே திருத்தப்பட்ட நூல்! பழைய நெகிழ்வட்டுகளின் ஃபேட் முறைமை, நேர மண்டலம் குறியாமல் உள்ளூர் நேரத்தையே பதிந்தது. திருத்த நேரத்தின் நுண்மையும் 2 நொடிதான்.

சேமிப்பூடகத்தின் பருப்பொருள் தடயங்களைப் பாடவியல் சான்றாக மதிக்கவேண்டும் என மேத்யூ கிர்ஷன்பாம் தம் ‘மெக்கானிசம்ஸ்’ (2008) நூலில் வாதிட்டார். வலுவான வாதம். எனினும் மூல வட்டு கையிலிருக்கும்போதுதான் அது முழுப்பயன் தரும். தமிழ் மின்னுரைகளில் நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் நகலின் நகல்கள். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்கள் பல, திஸ்கி குறியேற்றத்திலிருந்து ஒருங்குறிக்கு மாற்றப்பட்டவை. அவ்வாறு மாற்றிய கோப்பின் தேதி, குறியேற்ற மாற்றத்தின் தேதியேயன்றி உள்ளீட்டின் தேதியன்று. நூல்முகப்பில் எழுதப்பட்ட உள்ளீட்டாளர், மெய்ப்புப் பார்த்தோர் பெயர்கள் உரையின் பகுதியாக இருந்தமையால் மாற்றத்தைக் கடந்து நின்றன. சுவடிக் குறிப்புக்கு உண்மையான நிகர் இம்முகப்புத்தான்.

மறைந்த எழுத்தாளரின் கணினி நூலகத்திற்கு வரும்போது, ஆர்வத்தால் கோப்புகளைத் திறந்து பார்ப்பதே முதல் இழப்பாக முடியலாம். திறந்தால் அணுகிய நேரம் மாறக்கூடும். அறியாமல் சேமித்துவிட்டால் திருத்த நேரமும் போய்விடும். எழுதுதடுப்புக் கருவி வழியே வட்டின் முழுப் படிமத்தை முதலில் எடுக்கவேண்டும். பின்னர் ஒவ்வொரு கோப்பின் நேரங்களையும் தனிப் பட்டியலாக எழுதி, அக்கணினியின் கடிகாரம் எவ்வளவு பிசகியிருந்தது, எந்த நேர மண்டலத்தில் இயங்கியது என்பவற்றையும் அதிற் குறித்துப் படிமத்தோடு வைக்கவேண்டும்.