விஜய், ரமேஷ்: இரண்டு தோல்விகள்

விஜய் அமிர்தராஜ், ரமேஷ் கிருஷ்ணன் இருவரையும் பற்றிப் பேச்சு வந்தால் நம்மில் பெரும்பாலோர் ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொள்கிறோம். திறமைசாலிகள், பெரிய பட்டம் மட்டும் கிடைக்கவில்லை. தகவல் என்ற அளவில் இது சரி. விம்பிள்டன், அமெரிக்க ஓப்பன், பிரெஞ்சு ஓப்பன், ஆஸ்திரேலிய ஓப்பன் ஆகிய நான்கில் ஒன்றிலும் இவர்கள் ஒற்றையர் பட்டம் பெற்றதில்லை. கால் இறுதியைத் தாண்டியதும் இல்லை. ஆனால் தகவலையே தீர்ப்பாகவும் வைத்துக்கொள்வது நம் விமர்சனத்தில் நெடுநாளாக இருந்துவரும் ஒரு சோம்பல். இவர்கள் ஆடிய விதம் வேறு. தோற்ற விதமும் வேறு. அந்த வித்தியாசத்தைச் சொல்லாதவரை நாம் இவர்களைப் பற்றி எதுவும் சொன்னதாக ஆகாது.

கவிதைக்கும் விமர்சனத்துக்குமான பத்திரிகையில் டென்னிஸ் எதற்கு என்று கேட்கலாம். காரணம் ஒரு டீக்கடைப் பேச்சு. நாமக்கல்லில் எங்கள் சிறிய கூட்டம் சனிக்கிழமைகளில் கூடுவது வழக்கம். அதில் ஒரு நண்பர். பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு கவிதைத் தொகுதி வெளியிட்டவர். நல்ல தொகுதி. அதன் பிறகு எழுதவில்லை. ஏன் என்று கேட்டபோது, "என் அளவு எனக்குத் தெரியும், ரமேஷ் கிருஷ்ணன் மாதிரி" என்றார். இன்னொருவர் உடனே, "நீ ரமேஷ் இல்லையப்பா, விஜய். கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்திருந்தால் எங்கேயோ போயிருப்பாய்" என்றார். எல்லோரும் சிரித்தோம். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. இரண்டு ஆட்டக்காரர்களும் அந்த மேஜையில் ஆறுதலாகப் பயன்படுத்தப்பட்டார்கள். இந்த ஆறுதலுக்கு அவர்களுடைய ஆட்டம் இடம் தருகிறதா என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

என் தகுதியையும் சொல்லிவிட வேண்டும். இவர்கள் ஆடியதை நான் நேரில் பார்த்ததில்லை. என் வயது அதற்கு இடம் தரவில்லை. பழைய ஒளிப்பதிவுகளைக் கைபேசியில் பார்த்தவன். வங்கியில் கணக்கு முடித்துவிட்டு நாமக்கல்லிலிருந்து சேலத்துக்கு பஸ்ஸில் திரும்பும் நேரம் என் டென்னிஸ் நேரம். ஆண்டகளூர் கேட் வருவதற்குள் ஒரு செட் முடிந்துவிடும். எச்சரிக்கையாகப் பார்க்க முடிந்தது என்று மட்டும் சொல்வேன். முடிவு தெரிந்த ஆட்டத்தைப் பார்ப்பதில் ஒரு சௌகரியம் உண்டு: யார் வெல்வார் என்ற பதற்றம் இல்லாததால் எப்படி ஆடினார் என்பதில் கண் நிற்கும்.

முதலில் விஜய். நல்ல உயரம். சர்வீஸ் போட்டுவிட்டு வலையை நோக்கி வரும்போது அவசரம் தெரியாது. ஆனால் வந்து சேர்ந்திருப்பார். புல் தரைக்கு வேண்டிய எல்லாம் அவரிடம் இருந்தன. 1973ல், இருபது வயதுகூட நிரம்பாத நிலையில், விம்பிள்டன் கால் இறுதியில் யான் கோடெஷை எதிர்த்தார். அந்த வருஷம் யூகோஸ்லாவியாவின் நிக்கி பிலிச்சுக்கு விதிக்கப்பட்ட தடையைக் கண்டித்து சுமார் 80 ஆட்டக்காரர்கள் போட்டியைப் புறக்கணித்திருந்தார்கள். கதவு எப்போதையும்விட அகலமாகத் திறந்திருந்தது. விஜய் இரண்டு செட்டுக்கு ஒன்று என்று முன்னணியில் இருந்தார். ஐந்தாவது செட்டை 7-5 என்று கோடெஷ் எடுத்துக்கொண்டார், பட்டத்தையும் எடுத்துக்கொண்டார்.

1979ல் விம்பிள்டன் இரண்டாம் சுற்று. எதிரே பியோர்ன் போர்க். மறுபடியும் விஜய் இரண்டுக்கு ஒன்று என்று முன்னால். நான்காவது செட் டை பிரேக்கர் வரை போய்க் கை நழுவியது. ஐந்தாவது 6-2 என்று போர்க் பக்கம். அந்த வருஷமும் பட்டம் அவரைத் தோற்கடித்தவருக்கே. 1981ல் கால் இறுதி, எதிரே ஜிம்மி கானர்ஸ். இந்தத் தடவை முதல் இரண்டு செட்டும் விஜயுடையவை. அடுத்த மூன்றும் கானர்ஸுடையவை.

மூன்று ஆட்டங்களுக்கும் பொதுவான விஷயம் ஒன்றுதான். மூன்றிலும் அவர் முன்னால் இருந்தார். சினிமாவும் புகழும் கெடுத்துவிட்டன என்று சொல்பவர்கள் வருஷத்தைப் பார்ப்பதில்லை. ஜேம்ஸ் பாண்ட் படம் வந்தது 1983ல். இந்த மூன்று தோல்விகளும் அதற்கு முந்தியவை. துணிவு இல்லை என்று சொல்வதும் தவறு. அமெரிக்க ஓப்பனில் 1973ல் ராட் லேவரையும் 1974ல் போர்க்கையும் ஐந்து செட் ஆடித்தான் வென்றார். ஐந்தாவது செட் என்றாலே பயப்படுகிறவர் செய்யக்கூடிய காரியமல்ல அது. ஆனால் அந்த இரண்டு வருஷமும் கால் இறுதியில் அவரை நிறுத்தியவர் கென் ரோஸ்வால். முதல் தடவை ரோஸ்வாலுக்கு வயது 38, அடுத்த தடவை 39.

இங்கேதான் விஜய் ஆட்டத்தின் தன்மை எனக்குப் பிடிபடுகிறது. அவருடைய மேதமை நம் பக்கத்துத் திருமணிமுத்தாற்றைப் போல வருகிறது. பெருகும்போது கரை கொள்ளாது. மற்ற நாளில் மணல் தெரியும். ஒரு கிராண்ட் ஸ்லாம் பட்டத்துக்கு ஏழு ஆட்டங்களை வரிசையாக வெல்ல வேண்டும். லேவரை வெல்லும் நாள் ஒன்று கிடைத்தால் போதாது. சாதாரண நாட்களிலும் வெல்ல வேண்டும். போர்க்கும் கானர்ஸும் தங்கள் சாதாரண நாளில் ஆடத் தெரிந்தவர்கள். இரண்டு செட் பின்தங்கிய கானர்ஸ் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. முன்பு செய்துகொண்டிருந்ததையே இன்னும் பிடிவாதமாகச் செய்தார். விஜய் பெருக்கு வடியும்வரை அவர் நின்றார்.

ரமேஷ் கதை இதற்கு நேர் எதிர் என்று சொன்னால் சுலபமாக இருக்கும். ஆனால் அப்படியும் இல்லை.

ரமேஷுக்கு ஆட்டம் வீட்டிலிருந்து வந்தது. தந்தை ராமநாதன் கிருஷ்ணன் 1954ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்றவர். 1960, 1961 இரண்டு வருஷமும் அங்கே அரை இறுதி வரை போனவர். மகன் 1979ல், சரியாக இருபத்தைந்து வருஷம் கழித்து, அதே ஜூனியர் பட்டத்தை வென்றார். அந்த வருஷமே பிரெஞ்சு ஜூனியர் பட்டத்தையும். தந்தையிடமிருந்து தொடு உணர்ச்சி வந்தது. பந்தை எழும்பும் வேகத்திலேயே சந்திப்பது, மட்டையை அதிகம் பின்னுக்கு இழுக்காமல் எதிரியின் வேகத்தையே திருப்பிக் கொடுப்பது, கோர்ட்டில் இல்லாத இடத்தை உண்டாக்குவது எல்லாம் வந்தன. கூடவே பலவீனமான சர்வீஸும் வந்தது. தந்தையின் காலத்தில் மர மட்டை; அந்தக் குறையை ஓரளவு மறைக்க முடிந்தது. மகன் பெரியவராகும்போது கிராஃபைட் மட்டைகள் வந்துவிட்டன. சர்வீஸ் என்பது ஆட்டத்தைத் தொடங்கும் சடங்காக இருந்தது போய், ஆட்டத்தை முடிக்கும் ஆயுதமாக ஆகிக்கொண்டிருந்தது.

1981ல் அமெரிக்க ஓப்பன் கால் இறுதியில் இருபது வயது ரமேஷ் ஜான் மெக்கன்ரோவை எதிர்த்தார். மெக்கன்ரோ அப்போதுதான் விம்பிள்டன் வென்று வந்தவர். முதல் செட்டை டை பிரேக்கரில் ரமேஷ் எடுத்தார். இரண்டாவதும் டை பிரேக்கர். அது மெக்கன்ரோவுக்குப் போயிற்று, ஆட்டமும் போயிற்று. 1986ல் விம்பிள்டன் கால் இறுதியில் அவரை வென்றவர் ஸ்லோபோடன் ஷிவோயினோவிச், அந்த நாளின் மிகக் கடுமையான சர்வீஸ்காரர்களில் ஒருவர். அடுத்த வருஷம் அமெரிக்க ஓப்பன் கால் இறுதியில் ஸ்டெஃபான் எட்பெர்க். இந்தத் தோல்விகளில் விஜயின் தோல்விகளில் உள்ள நாடகம் இல்லை. 'அந்த ஒரு பந்து மட்டும்' என்று யாரும் பெருமூச்சு விடுவதில்லை. ஒரு இடம் வரை ரமேஷ் போக முடியும், அதற்கு மேல் போக ஒரு கருவி வேண்டும், அது அவரிடம் இல்லை. பார்க்கிறவனுக்கு இது தெரிகிறது. அவருக்கும் தெரிந்திருந்தது என்றே அவர் ஆடும் விதம் சொல்கிறது.

ஆனால் அந்த எல்லைக்குள் அவர் செய்ததைப் பார்க்க வேண்டும். 1989ல் ஆஸ்திரேலிய ஓப்பன் இரண்டாம் சுற்றில் மாட்ஸ் விலாண்டரை நேர் செட்களில் வென்றார். விலாண்டர் அப்போது உலகின் முதலிடத்தில் இருந்தவர், முந்தின வருஷம் அதே பட்டத்தை வென்றவர். தன் தரவரிசையில் 23க்கு மேல் ஒருபோதும் ஏறாத ஒருவர், விலாண்டரிடம் வேகத்தைக் கொடுக்காமல், அவர் தேடும் தாளத்தைக் கலைத்துக்கொண்டே இருந்து வென்றார். சர்வீஸ் அன்றும் அதே பழைய சர்வீஸ்தான்.

இருவரும் ஒரே அணியில் ஆடிய 1987 இந்த ஒப்பீட்டை இன்னும் தெளிவாக்குகிறது. அந்த வருஷ டேவிஸ் கோப்பையில் டில்லியில் அர்ஜென்டினாவை எதிர்த்த போட்டி. இந்தியா தோற்கும் நிலை. மார்ட்டின் ஹைட்டேயிடம் தோல்விக்கு ஒரே புள்ளி மிச்சமிருந்த இடத்திலிருந்து விஜய் மீண்டு வென்றார், வயது 33. கடைசி ஆட்டத்தை ரமேஷ் வென்று முடித்தார். அரை இறுதி சிட்னியில், ஆஸ்திரேலியாவை எதிர்த்து, அவர்களுடைய புல் தரையில். தீர்மானிக்க வேண்டிய ஐந்தாவது ஆட்டம் ரமேஷ் கையில் வந்தது. வாலி மசூரை நேர் செட்களில் வென்றார். இறுதியில் ஸ்வீடன் 5-0 என்று இந்தியாவை வென்றது என்பதும் உண்மை. முன்னால் இருக்கும்போது தடுமாறிய விஜய், எல்லாம் போய்விட்டது என்ற இடத்தில் தடையின்றி ஆடினார். பெருக்கு இல்லாத ரமேஷ், முடித்துக்கொடுக்க வேண்டிய வேலையை அலட்டாமல் முடித்தார்.

இன்னொரு கோப்பையையும் இங்கே பிரித்து வைக்க வேண்டும். 1974 டேவிஸ் கோப்பை இறுதியில் இந்தியா ஆடவேயில்லை. எதிரே இருந்தது நிறவெறித் தென்னாப்பிரிக்கா; ஆட மறுத்தோம், கோப்பை அவர்களுக்குப் போயிற்று. விஜய் அந்த அணியில் இருந்தவர். இதைத் தோல்விகளின் கணக்கில் எழுதுவது தவறு. அது விலை கொடுத்து எடுத்த ஒரு நிலை. எழுதாமல் இருப்பவர்களில் பலர் தங்கள் மௌனத்தை இந்த மாதிரியான மறுப்பு என்று காட்டிக்கொள்ளப் பார்க்கிறார்கள். மறுப்பதற்கு முதலில் இறுதி ஆட்டம் வரை வந்திருக்க வேண்டும்.

இனி தீர்ப்பு. இருவரில் யார் பெரியவர்? இந்தக் கட்டுரையைத் தொடங்கும்போது ரமேஷ் என்று சொல்லத் தயாராக இருந்தேன். தன் அளவை அறிந்து அதற்குள் பூரணமாக ஆடியவர் என்பது என் வாதமாக இருந்திருக்கும். எழுதிக்கொண்டு வரும்போது அந்த விருப்பத்தின் வேர் எங்கே என்று சந்தேகம் வந்தது. நான் குமாஸ்தா. மாலையில் வரவும் செலவும் நேர் ஆகிவிட்டால் எனக்கு ஒரு நிம்மதி. ரமேஷின் ஆட்டம் நேர் ஆகிற கணக்கு. விஜயின் ஆட்டத்தில் எப்போதும் ஏதோ இடிக்கிறது. என் நிம்மதியை ஓர் அழகியல் கொள்கையாக ஆக்கிக்கொள்ள நான் யார்?

ஆகவே இப்படிச் சொல்கிறேன். திறனின் வீச்சில் விஜய் பெரியவர். லேவர், போர்க், கானர்ஸ் ஆகியோரைத் தங்கள் ஆட்டத்தையே சந்தேகிக்க வைத்தவர். 2024ல் அவருக்குச் சர்வதேச டென்னிஸ் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தது, அது நியாயமே. ஆனால் அந்த வீச்சுக்கு ஈடான பொறுமை அவரிடம் இல்லை என்பதைக் கௌரவம் மறைக்கக்கூடாது. கலையின் நிறைவில் ரமேஷ் பெரியவர். ஆனால் தந்தை விட்ட இடத்தில் இருந்த அந்த ஒரு குறையை மகனும் கடைசிவரை அப்படியே சுமந்தார் என்பதையும், அவருடைய அழகில் மயங்கி நாம் மறக்கக்கூடாது. பரம்பரையை ஏற்பது வேறு, அதைப் பரிசோதிப்பது வேறு. நம் கவிதையிலும் இதே தவறு நடக்கிறது. முன்னோரின் மென்மையை எடுத்துக்கொள்கிறவர்கள் முன்னோரின் பலவீனத்தையும் நடை என்று பெயர் சூட்டி வைத்துக்கொள்கிறார்கள்.

டீக்கடை நண்பருக்கு வருகிறேன். விஜய் என்று அவரைச் சொன்னது பொய். விஜய் மூன்று தடவை அந்த இடத்துக்குப் போய் நின்று தோற்றார். ஒரு தொகுதியோடு நின்றவருக்கு 'கொஞ்சம் அதிர்ஷ்டம்' என்ற பேச்சுக்கே இடமில்லை. ரமேஷ் என்று அவர் தன்னைச் சொல்லிக்கொண்டதும் பொய். ரமேஷ் தன் அளவு தெரிந்த பிறகும் ஆடினார். 1992ல் பார்சிலோனா ஒலிம்பிக்ஸில் லியாண்டர் பயஸுடன் இரட்டையர் கால் இறுதி வரை போனார். 1993ல், 32 வயதில், ஃப்ரெஷுஸில் பிரான்ஸை அதன் செம்மண் தரையிலேயே வென்ற இந்திய அணியில் இருந்தார். அளவு தெரிந்ததை அவர் நிறுத்துவதற்கான காரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

கட்டுரை அச்சாகும் முன் இதை அந்த நண்பரிடம் படித்துக்காட்டினேன். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். கேட்டு முடித்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்த மெக்கன்ரோ ஆட்டம் உன்னிடம் இருக்கிறதா? முதல் செட்டை மட்டும் பார்க்க வேண்டும்" என்றார். நான் கைபேசியைக் கொடுத்தேன். ஆனால் இரண்டாவது செட்டையும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.