கருப்பு யார் என்ற கேள்வி

ஒரு தொடர் முடிவதற்கு முன்பே அதன் முடிவைச் சொல்லிப் பார்க்கும் பழக்கத்தை வெட்டிப் பேச்சு என்று ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தமிழ்ப் பார்வையாளர்கள் தொலைக்காட்சியை ஒரு நூலைப் படிப்பதுபோலக் கூர்ந்து படித்த காலம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், 'மர்மதேசம்' ஓடிய காலத்தைத்தான் சொல்வேன். அப்படிப் படிக்கவைத்தது முடிவை ஊகிக்கும் ஆசைதான். அதே ஆசை சில தப்பான எண்ணங்களையும் நம்மிடம் ஊன்றிவிட்டுப் போனது. முன்னதைக் கொண்டாடுகிறவர்கள் பின்னதைப் பேசுவதில்லை என்பதே இதை எழுதக் காரணம்.

'மர்மதேசம்' வரிசையில் ஆகப் பெரிய விவாதத்தைக் கிளப்பியது 'விடாது கருப்பு'. இந்திரா சௌந்தர்ராஜனின் 'விட்டுவிடு கருப்பா' நாவலை வைத்து நாகா இயக்கினார். கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்தது. 1997-இல் சன் டிவியில் வரத் தொடங்கியது. தோட்டக்காரமங்கலம் என்கிற ஊரில் தப்பு செய்தவர்களைக் கருப்புசாமியே குதிரையேறி வந்து தண்டிக்கிறார் என்று ஊர் நம்புகிறது. கதை இரண்டு காலங்களில் மாறி மாறி நடக்கும். ராஜேந்திரன் சிறுவனாகப் பாட்டி பேச்சியின் வீட்டில் இருந்த காலம் ஒன்று. அவன் வளர்ந்து ஆளான காலம் மற்றொன்று. ஒரு காலத்தில் பார்த்ததை மறு காலத்தோடு பொருத்திப் பார்க்கிறவருக்கே கதை பிடிபடும். வாரத்துக்கு ஒரு நாள்தான் ஒளிபரப்பு. மற்ற நாளெல்லாம் பார்த்தவர்கள் கையில்.

எங்கள் செல்லிப்பட்டு வில்லியனூருக்கு அப்பால், சங்கராபரணிக் கரையில் இருக்கிறது. ஆற்றின் குறுக்கே பிள்ளையார்குப்பத்துக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு பழைய படுகை அணை இருந்தது. நெல்லும் கரும்பும்தான் பிழைப்பு. புதுச்சேரி மில்களுக்கு ஷிப்ட் பார்க்கப் போனவர்களும் உண்டு. அந்த நாளில் கேபிள் இணைப்பு இருந்த வீடுகள் குறைவு என்பதால், ஒரு வீட்டுத் திண்ணை வரைக்கும் ஆள் உட்கார்ந்திருக்கும். மறுநாள் களையெடுக்கிற இடத்தில், டீக்கடையில், ரோடியர் மில்லுக்குப் போகிற சைக்கிள்களில் பேச்சு இதுதான்: கருப்பு யார்?

அந்தப் பேச்சில் ஒரு ஒழுங்கு இருந்தது. ஒருவர் ஒரு பெயரைச் சொன்னால் அடுத்தவர் சும்மா விடமாட்டார். "போன வாரம் குதிரைச் சத்தம் கேட்டப்ப அவன் எங்க இருந்தான்?" என்று கேட்பார். அந்த நேரத்தில் அந்த ஆளைத் திரையில் காட்டினார்களா இல்லையா என்று இரண்டு பேர் சாட்சி சொல்வார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஆயாக்கள் நான்கு வாரத்துக்கு முந்தைய ஒரு வசனத்தை அப்படியே நினைவில் வைத்திருந்தார்கள். பல்கலைக்கழகத்தில் பிரதியை நுணுகி வாசிப்பது என்று எதைச் சொல்லித் தருகிறார்களோ, அதை இவர்கள் கழனி வரப்பில் செய்துகொண்டிருந்தார்கள். ஊகம் என்பது அங்கே சாட்சியத்தோடு வர வேண்டிய ஒன்று.

இந்தப் பழக்கம் தொலைக்காட்சியோடு வந்ததுமல்ல. வடதமிழ்நாட்டிலும் புதுச்சேரிக் கிராமங்களிலும் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கிறது. துரியோதனன் படுகளத்தில் விழுவான், பாஞ்சாலி கூந்தலை முடிவாள், பிறகு தீமிதி. முடிவு பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனாலும் விடிய விடியக் கூத்துப் பார்த்துவிட்டு வருகிறவர்கள், கர்ணனுக்கு நடந்தது நியாயமா என்று வழியெல்லாம் வழக்காடுவார்கள். என்ன நடக்கும் என்பது அங்கே கேள்வியே அல்ல. நடந்தது சரியா என்பதுதான் கேள்வி. 'விடாது கருப்பு' பார்த்த கூட்டத்தில் பாதி இந்தக் கூத்து மரபில் பழகிய கூட்டம். அதனால் அவர்கள் ஊகத்தில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடந்தன. யார் என்பது ஒன்று. யாராக இருந்தால் நியாயம் என்பது மற்றது.

இரண்டாவது கேள்வியைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். கருப்பு மனிதனல்ல, சாமியேதான் என்று கடைசிவரை வாதாடியவர்களில் பெண்கள் அதிகம். அவர்களை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது எளிது. அவர்கள் சொன்ன காரணத்தைக் கேட்டால் அப்படித் தள்ள முடியாது. "மனுசனா இருந்தா பயப்படுவான், இல்லன்னா காசு வாங்கிக்குவான். சாமிதான் எதுக்கும் மசியாது" என்பது அவர்கள் கட்சி. நிலமும் வட்டியும் ஒருசிலர் கையில் இருக்கிற ஊரில், பஞ்சாயத்தும் போலீசும் யார் பக்கம் சாயும் என்று தெரிந்த ஊரில், விலைக்கு வாங்க முடியாத ஒரு நீதிபதி வேண்டும் என்ற ஏக்கம் அது. எங்கள் பக்கத்தில் கருப்பசாமி பெரிய தெய்வமில்லை. அய்யனாரும் முனீஸ்வரனும் பச்சைவாழியம்மனும்தான். இருந்தும் மதுரைச் சீமைத் தெய்வத்தை ஒரே மாதத்தில் சொந்தமாக்கிக்கொண்டார்கள். ஒரு தொடரின் முடிவு பற்றிய ஆசையில் ஒரு ஊர் தன் நீதி முறையின் குறையைச் சொல்லிக்கொண்டிருந்தது. ஊகிக்கும் பழக்கத்தின் மிக உயர்ந்த பயன் இதுதான் என்று நினைக்கிறேன்.

எழுத்தாளனையும் இந்தப் பழக்கம் கட்டிப்போடுகிறது, அதுவும் நல்லதே. கல்கி 'பொன்னியின் செல்வ'னை 1950 முதல் 1954 வரை வாரா வாரம் எழுதி முடித்தபோது, கதை சட்டென்று நின்றுவிட்டது, அந்தப் பாத்திரம் என்ன ஆயிற்று, இந்தப் பாத்திரம் என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்டார்கள். அவர் தனியே ஒரு முடிவுரை எழுதிப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதை மட்டும் அவர் முழுசாகத் திறந்துவிடவில்லை. அதனால்தான் எழுபது ஆண்டு கழித்தும் அந்தக் கொலையைப் பற்றிப் பேச ஆளிருக்கிறது. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார், சொல்லக் கூடாததைச் சொல்லவில்லை. வாசகருக்குப் பணியவும் வேண்டும், பணியாமலும் இருக்க வேண்டும் என்றால் அந்த அளவுக்குத்தான்.

அந்த உறுதி இல்லாதபோது என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கத் தொடர் 'ட்வின் பீக்ஸ்' சாட்சி. 1990-இல் ஏபிசி தொலைக்காட்சியில் வந்தது. லாரா பாமர் என்ற பெண்ணைக் கொன்றது யார் என்று நாடே கேட்டது. டேவிட் லிஞ்சுக்கு அதைச் சொல்லும் எண்ணமே இல்லை. நிறுவனம் நெருக்க, அதே ஆண்டின் இறுதியில் கொலையாளியைக் காட்டினார்கள். பார்வையாளர்கள் கலைந்தார்கள், 1991-இல் தொடர் நிறுத்தப்பட்டது. யார் என்ற கேள்வி மட்டுமே பிடித்து நிறுத்தியிருந்த கூட்டம், பதில் கிடைத்த அன்றே எழுந்து போய்விடும்.

இங்கும் அது நடந்தது. 'விடாது கருப்பு' தன் விடையைச் சொன்னது: கருப்பாக வந்தவன் ராஜேந்திரனே. அவனுக்குள் அவனுக்கே தெரியாமல் இன்னொருவன் இருந்தான். சிறுவயதில் பட்ட காயம் அவனை இரண்டாகப் பிளந்திருந்தது. எங்கள் ஊரில் சரியாகச் சொன்னவர்கள் ஒரு வாரம் காலரைத் தூக்கிவிட்டுத் திரிந்தார்கள். அதோடு பேச்சு ஓய்ந்தது. அந்தப் பையனுக்கு அப்படி என்ன செய்தார்கள், செய்தவர்கள் யார், ஒரு வீட்டுக்குள் நடந்த கொடுமைக்கு ஊர் ஏன் கண்ணை மூடிக்கொண்டது என்றெல்லாம் அதற்குப் பிறகுதான் பேசியிருக்க வேண்டும். சிறுவயதுக் காட்சிகளுக்கு நாகா கொடுத்த நேரமும் கவனமும் அந்தக் கேள்விகளுக்காகத்தான். பெயரைத் தேடியவர்களுக்கு அந்தக் காட்சிகள் வெறும் தடயமாகவே நின்றுவிட்டன.

இதைவிட எனக்கு வலிக்கிற குறை ஒன்று உண்டு. சாமியா, நோயா என்று ஊகிக்கப் பழகிய நாம், நோய் என்ற விடையை ஒரு திருப்பமாக மட்டுமே எடுத்துக்கொண்டோம். 1993-இல் மலையாளத்தில் 'மணிச்சித்ரதாழ்' வந்தது. 1997-இல் 'விடாது கருப்பு'. 2005-இல் சில மாத இடைவெளியில் 'சந்திரமுகி'யும் 'அந்நிய'னும். அதற்குப் பிறகு எந்த அமானுஷ்யக் கதை தொடங்கினாலும் முதல் வாரத்திலேயே "இவனுக்கு ரெட்டை மனசு" என்று சொல்லிவிடும் அளவுக்கு நம் ஊகம் சோம்பிப்போனது. மருத்துவ உலகம் 1994-இலேயே அந்த நோயின் பெயரை மாற்றிவிட்டது. ஒரே உடலில் பல ஆட்கள் குடியிருப்பதாகச் சொல்வதைவிட, ஒரே ஆளின் அடையாளம் சிதறிப்போவதாகச் சொல்வதே சரி என்று திருத்திக்கொண்டார்கள். அப்படிச் சிதறியவர்களில் பெரும்பாலோர் குழந்தைப் பருவத்தில் கொடுமைக்கு ஆளானவர்கள். மனநோய் உள்ளவர்கள் பிறரைத் தாக்குவதைவிடப் பிறரால் தாக்கப்படுவதே அதிகம். நம் கதைகளில் அவர்கள் கொலைகாரர்கள். நாமும் அந்த முடிவை வாரா வாரம் ஊகித்துக் கைதட்டி உறுதிப்படுத்தினோம்.

இது திரைக்குள் நிற்கிற விஷயமில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிப்போடப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓட முடியாமல் கருகி இறந்தார்கள். அவர்களைப் பெற்றவர்களும் உடன்பிறந்தவர்களும் கெட்டவர்களல்ல. பேயா, சாமியா, செய்வினையா, நோயா என்று அவர்களும் தங்கள் வீட்டில் ஊகித்துக்கொண்டிருந்தவர்கள்தான். எங்கள் பக்கத்திலிருந்து ஜிப்மருக்கு ஒரு பஸ் தூரம். அங்கே மனநல மருத்துவப் பிரிவு இருக்கிறது. இருந்தும் முதலில் போவது உடுக்கை அடிக்கிறவரிடம். 'விடாது கருப்பு' பார்த்த பிறகு "டாக்டர்கிட்ட காட்டிப் பார்க்கலாம்" என்று சொன்னவர்கள் எங்கள் ஊரில் உண்டு. அந்த நன்மையை நான் மறைக்க மாட்டேன். அப்படிச் சொன்ன அதே வாய், நோயென்று தெரிந்த பையனோடு பிள்ளைகளை விளையாட விடவில்லை. ஒரு முடிவு ஒரு கதவைத் திறந்தது, இன்னொன்றை அடைத்தது. முடிவை ஊகிக்கிறவர்கள் இந்த இரண்டையும் கணக்கில் எடுக்காமல், தங்கள் கணிப்புச் சரியா தவறா என்று மட்டும் பார்ப்பது போதாது.

இன்றைய தினசரித் தொடர்களில் ஊகத்துக்கு இருக்கும் இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சுந்தர் சி.யின் 'நந்தினி' 2017-இல் தமிழிலும் கன்னடத்திலும் தொடங்கி அடுத்த ஆண்டு வரை ஓடியது. பாம்பும் ஆவியும் நிறைய உண்டு. தினமும் வருகிற தொடரில் கதை எங்கே முடியும் என்பதைத் தரவரிசை எண் தீர்மானிக்கிறது. இறந்தவர் திரும்புவார், நல்லவர் கெட்டவராவார். அதில் சாட்சியம் சேர்த்து வாதாட முடியாது. ஆகவே பார்க்கிறவர்களும் கதைக்கு வெளியே காரணம் தேடுகிறார்கள்: அந்த நடிகைக்குக் கல்யாணமாம், அதனால் பாத்திரத்தைச் சாகடித்துவிடுவார்கள். ஊகம் தொடர்கிறது, வாசிப்பு போய்விட்டது.

நாகா மறுபடி அமானுஷ்யத்துக்குத் திரும்பிய 'ஐந்தாம் வேதம்' 2024 அக்டோபரில் ஜீ5-இல் வந்தது. ஒரே இரவில் முழுவதையும் பார்த்துவிடலாம். அடுத்த மாதம் இந்திரா சௌந்தர்ராஜன் காலமானார். பழைய 'மர்மதேசம்' இப்போது யூடியூபில் கிடைக்கிறது. என் அண்ணன் மகன் 'விடாது கருப்'பை மூன்று நாளில் பார்த்து முடித்துவிட்டு, "சித்தப்பா, ராஜேந்திரன்னு எனக்கு ரெண்டாவது எபிசோட்லயே தெரிஞ்சுபோச்சு" என்றான். தெரிந்திருக்கலாம், அவன் 'அந்நியன்' பார்த்து வளர்ந்தவன். ஒரு வாரம் காத்திருந்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் தன் வாதத்தை வைத்து, அவர் அதை உடைத்து, மறுபடி கட்டி எழுப்பும் வேலை அவனுக்கு வாய்க்கவில்லை. அவனுக்கு விடை கிடைத்தது. சாமியே வர வேண்டும் என்று வாதாடிய பெண்களின் கட்சியை அவனிடம் சொல்ல அந்த அறையில் யாரும் இல்லை.

எனக்கென்று ஒரு முடிவு அந்தத் தொடருக்கு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. ராஜேந்திரன் பிடிபட்ட பிறகு, அவனைக் கருப்பு என்று கும்பிட்ட ஊரை ஒருவர் பின் ஒருவராக நிறுத்திக் கேட்க வேண்டும்: செத்தவன் தப்பு செய்தான் என்று உனக்குத் தெரியும், அப்படியானால் அவன் உயிரோடு இருந்தபோது ஏன் கேட்கவில்லை? ஒரு சின்னப் பையன் ஒரு வீட்டுக்குள் உடைந்துகொண்டிருந்தபோது நீ எங்கே இருந்தாய்? இந்த முடிவை நான் எங்கள் ஊரில் சொன்னபோது ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. கதை கெட்டுப்போகும் என்றார் மில்லில் வேலை பார்த்த மாமா ஒருவர். சாமி என்று வாதாடிய ஆயா மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படிக் கேட்கிற ஆள் யார், அவன் எந்தத் தெருக்காரன் என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.