கேஷ் என்றால் நம்ம காசு!

குப்பம்–பலமனேர் சாலையில் இருக்கும் எங்கள் சாந்திபுரத்துக் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே பேரத்துக்குள் புழங்கும். மூன்று பாஷைக்காரருக்கும் பொதுவாக ஒரு கேள்வி உண்டு: "போன்பேயா, கேஷா?" இந்த 'கேஷ்' எங்கே பிறந்தது என்று தேடப்போய் அதன்மேல் பைத்தியமாகிவிட்டேன்!

ஆங்கிலத்தில் கேஷ் ஒரு சொல் அல்ல, இரண்டு. ரொக்கத்தைக் குறிக்கும் கேஷுக்கு மூலம், பெட்டி என்று பொருள்படும் லத்தீன் சொல் 'காப்சா'. இத்தாலி, பிரான்ஸ் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது பணப்பெட்டியையும் குறித்தது, உள்ளே இருக்கும் பணத்தையும் குறித்தது. "இன்னிக்குக் கல்லா எவ்வளவு?" என்று நாம் கேட்பதில்லையா, அதே போக்குதான்.

இரண்டாவது கேஷ், ஆசியாவில் புழங்கிய சிறு நாணயம். அது சாட்சாத் நம்ம காசு! போர்த்துகீசியர் அதைக் 'கைஷா' என்றார்கள். அவர்கள் மொழியில் பெட்டிக்கும் கைஷாதான் பெயர். இரண்டு வம்சமும் அங்கே கைகுலுக்கிக்கொள்ளும் அழகை என்னவென்று சொல்ல! சீனாவின் சதுர ஓட்டை போட்ட செப்புக்காசுகூட ஆங்கிலேயருக்குக் கேஷ்தான்.

அந்தக் கால மதராஸ் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். பர்மிங்ஹாமின் சோஹோ நாணயச்சாலையில் 1808-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக அடித்த செப்பு நாணயங்களில் கேஷ் என்றே ஆங்கிலத்தில் பொறித்தார்கள். அவற்றை ஏற்றிவந்த 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980-களில் அந்தக் காசுகளைக் கடலடியிலிருந்து அள்ளியெடுத்தார்கள். படித்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது!

எங்கள் பக்கம் காசுக்கு இருக்கும் மரியாதையே தனி. நாம் காசுமாலை என்பதைத் தெலுங்கில் காசுல பேரு என்பார்கள். கல்யாணக் கடனுக்காகக் குபேரனுக்கு இன்னும் வட்டி கட்டுவதாக நம்பப்படும் திருப்பதி ஏழுமலையானுக்கே 'வட்டிகாசுலவாடு' என்றுதான் செல்லப்பெயர்.

ஹென்றி யூலும், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னலும் தொகுத்து 1886-இல் வெளிவந்த 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' அகராதியைக் கட்டாயம் புரட்டுங்கள். கேஷைத் தேடிப் போனால் கட்டுமரமும் சுருட்டும் எதிரே வந்து நிற்கும். ஆங்கிலம் நம்மிடம் வாங்கிய கடன் பட்டியலை அவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். படிக்கப் படிக்க அவ்வளவு ஆனந்தம்!