கடந்தகால ஏக்கமும் வீடியோ விளையாட்டும்: புத்தளக் கரையோரத்தை முன்னிறுத்திய சில குறிப்புகள்

'எங்கள் காலத்தில் பிள்ளைகள் இப்படியா இருந்தார்கள்?' என்னும் வினா உடப்பிலும் கற்பிட்டியிலும் புத்தளம் நகரிலும் இன்று அடிக்கடி கேட்கும் வினாவாகும். கைத்தொலைபேசியில் பப்ஜியோ ஃப்ரீ ஃபயரோ ஆடும் சிறுவனை நோக்கியே அது எழுப்பப்படுகின்றது. அறுபது வயதினர் கிளித்தட்டையும் கிட்டிப்புள்ளையும் நினைந்து ஏங்குகின்றனர். முப்பது, நாற்பது வயதினர் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடிய மாரியோவையும், சிறிய கைக்கருவியில் கட்டைகள் விழுந்த டெட்ரிஸையும் எண்ணி, அவை தீங்கற்ற விளையாட்டுகள் என்கின்றனர். இவ்வேக்கத்தைத் தனிமனித மனநிலையாக மட்டும் கொள்ளுதல் போதாது. அதன் சமூக அடிப்படை யாது என நோக்குவதே நமது நோக்கமாகும்.

றேமண்ட் வில்லியம்ஸ் 1973 இல் வெளியிட்ட 'நாட்டுப்புறமும் நகரமும்' என்னும் நூலில், ஆங்கில இலக்கியத்தில் நாட்டுப்புற வாழ்வின் பொற்காலம் எப்போதும் ஒரு தலைமுறைக்கு முன்னரே முடிந்துவிட்டதாகப் பேசப்படுவதை எடுத்துக்காட்டினார். நாம் பின்னோக்கிச் செல்லச் செல்ல அப்பொற்காலமும் பின்னோக்கி நகர்ந்து செல்லும். மாரியோவைத் தந்தை பழித்தார்; மாரியோ ஆடி வளர்ந்த மகன் இன்று பப்ஜியைப் பழிக்கின்றான். ஆயினும் வில்லியம்ஸ் அவ்வேக்கங்களைப் பொய்யென ஒதுக்கவில்லை. ஒவ்வொன்றும் தன் காலத்து வரலாற்று மாற்றத்தைத் தாங்கி நிற்பதாகவே அவர் கண்டார்.

நமது கரையோரத்தில் இவ்வுண்மை கண்கூடு. 1688 இல் யோகானஸ் ஹோஃபர் என்னும் மருத்துவ மாணவர் இவ்வேக்கத்துக்குப் பெயரிட்டபோது, ஊர் பிரிந்தோரின் நோயாகவே அதனைக் கருதினார். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களிற் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சம் புகுந்தனர். அவர்களுள் ஒரு முதியவர் மன்னார்க் கிராமத்து விளையாட்டைப் பற்றிப் பேசும்போது, பறிபோன வளவையும் முற்றத்தையும் அயலையுமே பேசுகின்றார். முகாமிற் பிறந்த மகனுக்கோ அம்முற்றம் கேள்விப்பட்ட கதையேயாகும். இருவர் ஏக்கத்தையும் 'தலைமுறை இடைவெளி' என்னும் சொல்லால் மூடிவிடுதல் வரலாற்றை மறைப்பதாகும்.

அதேவேளை, ஏக்கம் எதனை மறந்துவிடுகின்றது என்பதும் நோக்கற்பாலது. உடப்பில் கரைவலை இழுப்போர் பாடிய அம்பாப் பாடல்கள், உழைப்பும் ஆட்டமும் முற்றாகப் பிரியாத கூட்டுவாழ்வின் சான்றுகள். ஆயின் அவ்வாழ்வில், விளையாட வேண்டிய வயதில் கயிறிழுத்த சிறுவனும் இருந்தான். வீட்டு வேலைக்குள் ஒடுக்கப்பட்ட சிறுமியும் இருந்தாள். பாடுபட்டோரின் பங்கைக் குறைத்த வலைச் சொந்தக்காரரும் இருந்தார். கிளித்தட்டை நினைப்போர் இவர்களை நினைப்பது அரிது.

இடைத்தலைமுறையினரின் ஏக்கமும் இத்தகையதே. டெட்ரிஸை 1984 இல் மொஸ்கோவில், சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கணினி நிலையத்தில் அலெக்ஸி பஜித்னோவ் ஆக்கினார். பின்னர் அது பன்னாட்டுக் கம்பனிகள் உரிமைக்காக மோதிக்கொண்ட பண்டமாயிற்று. ஆக்கியவருக்கு 1996 இலேயே உரிமைப்பணம் கிடைக்கத் தொடங்கியது. ஆகவே சந்தையின் கறைபடாத பழைய வீடியோ விளையாட்டைத் தேடுவது வீண். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. அன்று விளையாட்டை ஒருமுறை வாங்கியதும் கொடுக்கல் வாங்கல் முடிந்தது. இன்று விளையாட்டு இலவசமாகத் தரப்பட்டு, உடைகளும் ஆயுத அலங்காரங்களும் ஓயாது விற்கப்படுகின்றன. ஆடுபவனை மீண்டும் மீண்டும் வரச்செய்வதே வருவாயின் அடிப்படை. அவனது ஓய்வுநேரமே மூலதனத்தின் விளைநிலம். இத்தலைமுறையினர் உணரும் வேறுபாடு உண்மையானது. அதற்கு அவர்கள் சூட்டும் 'ஒழுக்கச் சீரழிவு' என்னும் பெயரே பிழையானது.

கைத்தொலைபேசி வந்தது, கடற்கரை வெறிச்சோடியது என்பர். கரைக்கு நேர்ந்ததையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். 1980களிலிருந்து சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையே இறால் பண்ணைகள் கண்டற் காடுகளையும் சதுப்பு நிலங்களையும் விழுங்கின. 1990களில் வெண்புள்ளி நோய் பரவியபின் பல பண்ணைகள் கைவிடப்பட்டன. நுரைச்சோலைக் கரையில் 900 மெகாவாற்று அனல்மின் நிலையம் எழுந்தது. கற்பிட்டியின் கரையும் தீவுகளும் சுற்றுலாத் திட்டங்களுக்குள் கொண்டுவரப்பட்டன. 2020 இல் பெருந்தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டபோது வகுப்பறையே கைத்தொலைபேசிக்குள் புகுந்தது. இவையே முழுக்காரணம் என நாம் கூறவில்லை. உலகெங்கும் பரவிய தொழினுட்பத்தின் வலிமையும் கருதத்தக்கதே. ஆயினும் பப்ஜி ஆடும் சிறுவன், நண்பர் மூவரைச் சேர்த்துக்கொண்டு பரந்த தீவொன்றில் ஓடித் திரிகின்றான் என்பது மனங்கொள்ளத்தக்கது. கற்பிட்டியில் அவனுக்குச் சுருங்கிப்போன தீவு திரையில் விரிகின்றது.

வீடியோ விளையாட்டு என்னும் வடிவமே குற்றமுடையது என்னும் வாதமும் ஏற்கத்தக்கதன்று. ரொறன்ரோவின் விசை கேம்ஸ் 2023 இல் வெளியிட்ட 'வெண்பா', 1980களில் கனடா சென்ற தமிழ்க் குடும்பமொன்றைப் பற்றியது. சிதைந்துபோன சமையற் குறிப்பேட்டில் விடுபட்ட படிமுறைகளை ஆடுபவரே ஊகித்துச் சமைக்க வேண்டும். இங்கு ஏக்கம் பெருமூச்சாக நின்றுவிடாது செயலாகின்றது. இதுவே அவ்வாக்கத்தின் சிறப்பு. குடும்பத்தைப் புலம்பெயர வைத்த சமூக சக்திகள் அடுக்களைக்கு வெளியே மங்கலாகவே தெரிகின்றன. இது அதன் எல்லை. ஆயினும் ஏக்கத்தையே பொருளாகக் கொண்டு இவ்வடிவத்திற் கலை படைக்கலாம் என்பதை அது மெய்ப்பித்துள்ளது.

முற்போக்கு விமர்சகர் பழைய விளையாட்டுகளுக்கு இரங்கற்பா பாடுவதும், புதியவற்றை முன்னேற்றமெனக் கொண்டாடுவதும் ஒருசேர விலக்கத்தக்கவை. எந்த நிலத்தில், யாருடைய நேரத்தில், யாருடைய இலாபத்துக்காக ஒரு சமூகம் விளையாடுகின்றது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. பிள்ளைகளிடமிருந்து கைத்தொலைபேசியைப் பறிக்க முனையுமுன், அவர்களிடமிருந்து முன்னரே பறிக்கப்பட்ட கரையைப் பற்றிப் பேசுதல் நேர்மையாகும்.