ஃபெட் ஆற்றல் சிமுலேஷன்: திருச்செந்தூர் வகுப்பறைக்குப் பொருந்துமா?

தென்மேற்கே கூடங்குளம் அணுமின் நிலையம், வடக்கே தூத்துக்குடி அனல் மின் நிலையம், வடமேற்கே கயத்தாற்றுக் காற்றாலைகள், தாமிரபரணி மலையிறங்கும் இடத்தில் 1944 முதல் இயங்கிவரும் பாபநாசம் நீர்மின் நிலையம் என மின்சாரம் பிறக்கும் நான்கு வழிகளும் ஒரு நாள் பயணத் தொலைவுக்குள் அமைந்திருப்பது திருச்செந்தூர் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு வாய்த்த அரிய நல்வாய்ப்பு. ஆயினும் அந்த நிலையங்களின் சுவர்களுக்குள் என்ன நிகழ்கிறது என்பது வெளியில் நிற்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆற்றலின் வடிவங்கள் பற்றிய பாடமும் பெரும்பாலும் மனப்பாடப் பட்டியலாகவே முடிந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்த மாற்றத்தைத் திரையில் காட்ட முயலும் ஒரு கருவி இங்கே மதிப்பிடப்படுகிறது.

‘ஆற்றலின் வடிவங்களும் மாற்றங்களும்’ என்று பொருள்படும் பெயரைக் கொண்ட இந்தச் சிமுலேஷன், அதாவது பயன்படுத்துபவரே பொருள்களை நகர்த்தியும் மாற்றியும் பார்க்கும்படி அமைந்த கணினிச் சோதனை, அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்துப் போல்டர் வளாகத்தில் இயங்கும் ஃபெட் திட்டத்தின் ஆக்கம். 2001-ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன் 2002-இல் அத்திட்டத்தைத் தொடங்கினார். கட்டணமின்றிக் கிடைக்கும் இதை ஒருமுறை பதிவிறக்கி வைத்துக்கொண்டால் இணைய இணைப்பு இல்லாமலும் இயக்கலாம் என்பதால், இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும் பள்ளிக் கணினி அறைக்கும் இது ஏற்றது.

கருவியில் இரண்டு திரைகள் உள்ளன. முதல் திரை வெப்பத்தையும் இரண்டாவது திரை ஆற்றல் மாற்றத்தையும் பற்றியவை என்றாலும், வகுப்பில் இரண்டாவதிலிருந்து தொடங்குவதே சிறந்தது. மிதிவண்டி ஓட்டுபவர், தண்ணீர்க் குழாய், சூரியன், கொதிகெண்டி ஆகிய நான்கில் ஒன்றை ஆற்றல் மூலமாகத் தேர்ந்தெடுத்து, அதை மின்னியற்றிச் சக்கரத்துடனோ சூரியத் தகட்டுடனோ இணைத்து, அங்கு பிறக்கும் மின்சாரத்தை விளக்குக்கோ மின்விசிறிக்கோ நீரைச் சூடாக்கும் கம்பிச்சுருளுக்கோ அனுப்பலாம். ஆற்றல் குறிகளைக் காட்டும் கட்டத்தைத் தொட்டவுடன், வேதி ஆற்றல், இயந்திர ஆற்றல், மின்னாற்றல், வெப்ப ஆற்றல், ஒளி ஆற்றல் என வடிவத்துக்கு ஒரு நிறம் பெற்ற சிறு சதுரக் கட்டிகள் இடமிருந்து வலமாக நகரத் தொடங்கி, ஒவ்வொரு கருவியைக் கடக்கும்போதும் நிறம் மாறுகின்றன. மிதிவண்டி ஓட்டுபவரின் உடலுக்குள் இருக்கும் வேதி ஆற்றல் கட்டிகள் மிதிக்க மிதிக்கக் குறைந்து, முற்றிலும் தீர்ந்ததும் அவர் நின்றுவிட, உணவு கேட்கும் பொத்தான் ஒன்று தோன்றுகிறது. சோற்றுக்கும் விளக்கின் ஒளிக்கும் உள்ள தொடர்பை இவ்வளவு எளிமையாகச் சொல்லும் வேறு படம் பாடநூல்களில் அரிது.

இக்கருவியின் உண்மையான சிறப்பு, பயன்படாமல் போகும் ஆற்றலையும் அது மறைக்காமல் காட்டுவதே. கொதிகெண்டியின் ஆவி சக்கரத்தைச் சுழற்றும்போது சில கட்டிகள் மட்டுமே சக்கரத்தை அடைய, மற்றவை வெப்பமாகவே காற்றில் மேலேறிச் செல்கின்றன. இழை விளக்கை எரித்தால் ஒளிக்கட்டிகளைவிட வெப்பக்கட்டிகளே மிகுதியாக வெளியேறுகின்றன, குழல் விளக்கில் அந்த விகிதம் தலைகீழாகிறது. ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ இயலாது, ஒரு வடிவத்திலிருந்து மற்றொன்றாக மாற்றவே இயலும் என்னும் ஆற்றல் அழிவின்மை விதி, தொலைந்தது எங்கே போயிற்று என்ற கேள்விக்கு விடை காணும்போதுதான் பிள்ளைகளுக்குப் பொருளுடையதாகிறது. கொதிகெண்டியை இயக்கியபின் கூடங்குளத்தைப் பற்றிப் பேசலாம்: அங்குள்ள ஓர் அணு உலை ஏறத்தாழ 3000 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்க, அதில் மூன்றில் ஒரு பங்கான 1000 மெகாவாட் மட்டுமே மின்சாரமாகி, மிச்சத்தின் பெரும்பகுதி குளிர்விக்கும் நீரோடு கடலுக்குச் செல்கிறது.

முதல் திரையில் இரும்பும் செங்கல்லும் ஒரே பருமனுள்ள கட்டிகளாகவும், நீரும் ஆலிவ் எண்ணெயும் குடுவைகளிலும் வைக்கப்பட்டுள்ளன. நீரையும் எண்ணெயையும் இரு அடுப்புகளில் ஏற்றி, இரு அடுப்புகளையும் ஒன்றாக இயக்கும் வசதியைத் தேர்ந்தெடுத்தால், எண்ணெயின் வெப்பநிலை விரைந்து ஏறுவதைக் காணலாம். ஒரு கிராம் பொருளின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவைப்படும் வெப்பமாகிய தன்வெப்ப ஏற்புத்திறன், நீருக்கு ஏறத்தாழ 4.2 ஜூலாகவும் ஆலிவ் எண்ணெய்க்கு அதில் பாதியளவாகவும் இருப்பதே இதன் காரணம். நீர் கொதிநிலையை எட்டியபின் அடுப்பைத் தொடர்ந்து எரித்தாலும் வெப்பமானி மேலே ஏறாமல் நிற்பதும், உள்ளே வந்த ஆற்றல் ஆவியோடு வெளியேறுவதும் இத்திரையின் மிகச் சிறந்த பகுதி. உடன்குடிப் பக்கத்து விடிலிகளில், அதாவது கருப்பட்டி காய்ச்சும் ஓலைக் குடிசைகளில், பதநீர் கொதிக்கத் தொடங்கிய பிறகும் நெடுநேரம் விறகு தள்ள வேண்டியிருப்பது ஏன் என்பதற்கு இதுவே விளக்கம்: ஒரு கிராம் நீரை ஆவியாக்க மட்டும் ஏறத்தாழ 2260 ஜூல் தேவைப்படுகிறது. இவ்வெப்பம் வெப்பநிலையை உயர்த்தாமல் நிலைமாற்றத்துக்கே செலவாவதால் உள்ளுறை வெப்பம் எனப்படுகிறது.

குறைகளும் சிறியவை அல்ல. ஆற்றலைக் கட்டிகளாக வரைந்திருப்பதால், அது ஏதோ ஒரு பொருள் என்று பிள்ளைகள் எண்ணிவிடக்கூடும். 1961-இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய விரிவுரைகளில் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன், ஒரு சிறுவனின் விளையாட்டுக் கட்டைகளைக் கணக்கிடும் கதையைக் கொண்டு அழிவின்மை விதியை விளக்கிவிட்டு, உண்மையில் அங்கே கட்டைகள் எவையும் இல்லை என்றும், ஆற்றல் எண்ணளவிலான ஒரு கணக்கே என்றும் வலியுறுத்தினார். ஆசிரியரும் அந்த எச்சரிக்கையைச் சொல்லியே கட்டிகளைக் காட்ட வேண்டும். வெப்பமானிகளில் எண்கள் இல்லாதது ஆறாம் வகுப்புக்கு நன்மையே. அளந்து கணக்கிட வேண்டிய ஒன்பதாம் வகுப்புக்கு அது போதாது. கைபேசித் திரையில் கட்டிகள் மிகச் சிறிதாகத் தெரிவதால், வீழ்த்தித் திரையிலோ கணினியிலோ பயன்படுத்துவதே தகும்.

இவற்றைவிடப் பெரிய குறை, மூலங்களின் வரிசையில் காற்று இடம்பெறாதது. கயத்தாற்றுச் சாலையில் காற்றாலை இறக்கைகள் சுழல்வதைப் பார்த்த பிள்ளை அதைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். மின்விசிறியைத் தேர்ந்தெடுத்து, மின்சாரம் காற்றோட்டமாக மாறுவதைக் காட்டி, அந்த வரிசையைப் பின்னோக்கிக் கரும்பலகையில் எழுதச் செய்வது தற்போதைக்கு ஒரு வழி. தண்ணீர்க் குழாயிலும் இதைப் போன்ற இடைவெளி உண்டு: விழும் நீரின் இயந்திர ஆற்றல் காட்டப்படுகிறதேயன்றி, உயரத்தில் இருப்பதால் நீர் பெற்றுள்ள நிலை ஆற்றல் தனி வடிவமாகக் காட்டப்படவில்லை. அணையில் தேங்கி நிற்கும் நீர் பாபநாசத்தில் எவ்வாறு மின்சாரமாகிறது என்பதை விளக்க அந்த உயரமே அடிப்படை என்பதால், அதே திட்டத்தின் சறுக்குப் பலகைச் சிமுலேஷனை அடுத்த வகுப்பில் சேர்த்துக்கொள்வது நல்லது. அங்கே சறுக்குபவர் மேலேறும்போது நிலை ஆற்றலின் பட்டை உயர்வதும், இறங்கும்போது அது குறைந்து இயக்க ஆற்றலின் பட்டை உயர்வதும் ஒரே திரையில் தெரிகின்றன.