யந்திரமும் ஹெட்மாஸ்டரும்

ஒரு பள்ளிக்கூடத்து விழாவுக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். வகுப்பறை ஒன்றில் புதிதாகத் திரை ஒன்று பொருத்தியிருந்தார்கள். ஸ்மார்ட் போர்டு என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதுதான். தொட்டால் படம் வருகிறது. இன்னொரு முறை தொட்டால் படம் அசைகிறது. எனக்கு முன்னால் பேசிய ஒருவர், இனி உபாத்தியாயர்களுக்கு வேலையே இல்லை என்ற பாவனையில் சந்தோஷமாகப் பேசினார். அவருக்கு அடுத்தபடி பேசியவர், இதனால் பிள்ளைகள் குட்டிச்சுவராகப் போய்விடுவார்கள் என்று வருத்தமாகப் பேசினார். இருவருக்கும் நல்ல கைத்தட்டல். என் முறை வந்தபோது இரண்டுக்கும் நடுவில் எதையோ சொல்லிச் சமாளித்துவிட்டு இறங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் என்மேல் எனக்கே கோபம் வந்தது. நான் கல்வி சாஸ்திரம் படித்தவனல்ல. கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு நின்றுபோனவன். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்குத் தெரிந்ததெல்லாம் கதைதான். ஆகவே பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதப்பட்ட ஒரு சிறுகதையையும் ஒரு ஞாபகப் புத்தகத்தையும் அலமாரியிலிருந்து எடுத்து மறுபடி படித்தேன். மேடையில் சொல்லத் தவறியதை இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

சிறுகதை ஐசக் அசிமோவ் எழுதியது. பெயர் 'தி ஃபன் தே ஹேட்'. 1951இல் வெளிவந்தது. நம் நாட்டில் மத்தியப் பாடத்திட்டத்து ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் பல வருஷங்கள் முதல் பாடமாக இருந்த கதை. வாசகர்கள் வீட்டுப் பிள்ளைகள் பலர் படித்திருப்பார்கள். கதை நடப்பது 22ஆம் நூற்றாண்டில். மார்ஜி என்ற 11 வயதுச் சிறுமிக்குப் பள்ளிக்கூடம் வீட்டுக்குள்ளேயே, படுக்கை அறைக்குப் பக்கத்து அறையில் இருக்கிறது. அவளுடைய உபாத்தியாயர் ஒரு யந்திரம். அதற்குப் பெரிய திரை உண்டு. வீட்டுப்பாடத்தைப் போட ஒரு துவாரம் உண்டு. பூகோளத்தில் அவளுக்கு மார்க்கு குறைந்துகொண்டே போகிறது. அம்மா இன்ஸ்பெக்டரை வரவழைக்கிறாள். அவர் ஆயுதப் பெட்டியோடு வந்து உபாத்தியாயரைக் கழற்றிப் போட்டுப் பார்த்து, பூகோளப் பகுதி கொஞ்சம் வேகமாக ஓடுகிறது என்று கண்டுபிடித்து, வேகத்தைக் குறைத்து வைத்துவிட்டுப் போகிறார். டாமி என்ற 13 வயதுப் பையன் பரணிலிருந்து ஒரு பழைய காகிதப் புத்தகத்தை எடுத்து வருகிறான். ஒரு காலத்தில் மனிதர்களே பாடம் சொல்லிக் கொடுத்தார்கள், ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே இடத்தில் கூடிப் படித்தார்கள் என்று அதிலிருந்து தெரிகிறது. மார்ஜி ஏங்குகிறாள். அவ்வளவுதான் கதை.

கதையைப் படித்தவர்கள் எல்லோரும், யந்திரம் பொல்லாதது, மனிதன் நல்லவன் என்ற முடிவுக்கே வருகிறார்கள். நானும் முன்பு அப்படித்தான் நினைத்தேன். இப்போது படிக்கையில் அசிமோவ் தம் யந்திரத்துக்குக் கொஞ்சம் அநியாயம் செய்துவிட்டாரோ என்று தோன்றுகிறது. யோசித்துப் பாருங்கள். பாடம் வேகமாக ஓடுகிறது, குழந்தையால் ஈடுகொடுக்க முடியவில்லை, வேகத்தைக் குறைக்கிறார்கள். குற்றம் குழந்தையின் மேல் இல்லை என்றும் இன்ஸ்பெக்டர் சொல்கிறார். நான் படித்த காலத்தில் பூகோளத்தில் மார்க்கு குறைந்த பையனுக்கு இந்த மரியாதையை யார் செய்தார்கள்? பிரம்புதான் கிடைத்தது. மார்ஜி ஏங்குகிற அந்தப் பழைய பள்ளிக்கூடத்தில் பிரம்பும் இருந்தது என்பதை அசிமோவ் சொல்லாமல் விட்டுவிட்டார்.

ஆனாலும் கதை நல்ல கதைதான். எதனால் என்றால், அதில் உண்மையான படிப்பு நடக்கும் இடம் ஒன்றே ஒன்று இருக்கிறது. இரண்டு பிள்ளைகள் ஒரு பழைய புத்தகத்தின் மேல் குனிந்துகொண்டு, சந்தேகம் கேட்டு, சண்டை போட்டு, ஒருவரை ஒருவர் மட்டம்தட்டிக்கொள்ளும் இடம் அது. புத்தகமும் ஒரு காலத்து யந்திரத்தின் பிள்ளைதானே, அச்சு யந்திரம் பெற்ற பிள்ளை. ஆக, மார்ஜிக்குக் குறை யந்திரம் இருப்பது அல்ல. பக்கத்தில் ஆள் இல்லாததுதான் அவள் குறை.

யந்திரத்தைப் பற்றிய பெரிய வார்த்தைகள் அசிமோவுக்கும் முந்தியவை. 1913இலேயே தாமஸ் எடிசன், சினிமா வந்துவிட்டது, பள்ளிக்கூடத்தில் இனிப் புத்தகம் செல்லாது, பத்து வருஷத்தில் எல்லாம் மாறிவிடும் என்ற அர்த்தத்தில் ஜோசியம் சொன்னார். கதை வெளிவந்து மூன்று வருஷத்தில், 1954இல், ஹார்வர்டைச் சேர்ந்த மனோதத்துவப் பேராசிரியர் பி. எஃப். ஸ்கின்னர், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் யந்திரத்தைச் செய்தே காட்டினார். சரியான விடை என்றால் யந்திரம் உடனே தெரிவிக்கும். பிள்ளை அடுத்த கணக்குக்குப் போகும். இன்று, 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு, ஒவ்வொரு குழந்தையின் வேகத்துக்கும் இறங்கி வந்து பேசும் யந்திரம் என்று விளம்பரம் செய்கிறார்கள். மார்ஜி வீட்டு இன்ஸ்பெக்டர் கையால் திருப்பியதை இது தானே திருப்பிக்கொள்கிறது. அசிமோவின் கற்பனை முக்கால்வாசி பலித்துவிட்டது. எடிசனுடைய ஜோசியம் மட்டும் பலிக்கவில்லை. நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் பையன்கள் புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டுதான் போகிறார்கள்.

இனி அந்த ஞாபகப் புத்தகம். டெட்சுகோ குரோயாநாகி என்ற ஜப்பானிய நடிகை 1981இல் வெளியிட்ட 'டோட்டோ-சான்'. தமிழிலும் வந்து ஆசிரியர்கள் கையில் நிறையப் புழங்குகிறது. டோக்கியோவில் சோசாகு கோபயாஷி என்பவர் 1937இல் தொடங்கிய டோமோயே என்ற சின்னஞ்சிறு பள்ளிக்கூடத்தைப் பற்றியது. அங்கே வகுப்பறைகள் எவை தெரியுமா? ஓடி ஓய்ந்த ரயில் பெட்டிகள்.

இந்த ரயில் பெட்டியை எல்லோரும் 'ஆஹா, எவ்வளவு அழகு!' என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அது அதைவிடப் பெரிய விஷயமாகப் படுகிறது. அசிமோவ் கதையில் யந்திரம் உபாத்தியாயர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிட்டது. கோபயாஷியின் பள்ளிக்கூடத்திலோ, ஒரு பெரிய யந்திரத்தின் பாகம் பிள்ளைகள் ஏறி உட்கார இடம் கொடுத்துக்கொண்டு நிற்கிறது. புதிதாக ஒரு பெட்டி வரப்போகிறது என்று தெரிந்ததும், தண்டவாளம் இல்லாத இடத்துக்கு அது எப்படி வரும் என்று பிள்ளைகளுக்குள் பெரிய விவாதம். அதைப் பார்க்க வேண்டும் என்று ஹெட்மாஸ்டரிடம் கேட்கிறார்கள். அவர் சரி என்கிறார். வீட்டில் சொல்லிவிட்டு, இராத்திரி பள்ளிக்கூடத்திலேயே படுத்திருந்து, விடியும் வேளையில் பெட்டி உருளைகளின் மேல் ஊர்ந்து வருவதைப் பார்க்கிறார்கள். வகுப்பறைக்குள் யந்திரம் நுழைவதை இதைவிட நன்றாக எழுதிய பக்கங்களை நான் படித்ததில்லை. பெட்டியின் விலையைப் பற்றியோ, அதனால் மார்க்கு ஏறுமா என்பதைப் பற்றியோ அதில் பேச்சே இல்லை.

கோபயாஷி டோட்டோவைப் பள்ளியில் சேர்த்துக்கொண்ட அன்று அவள் பேசுவதை நாலு மணி நேரம் உட்கார்ந்து கேட்டார். இது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். வேறு இரண்டு காட்சிகள் என் மனத்தில் நிற்கின்றன. டோட்டோவின் பணப்பை கழிவறைக் குழிக்குள் விழுந்துவிடுகிறது. அவள் நீளக் கைப்பிடி போட்ட அகப்பையை எடுத்து வந்து, குழியிலுள்ளதை அள்ளி அள்ளி வெளியே குவித்துக்கொண்டிருக்கிறாள். அந்த வழியே வந்த ஹெட்மாஸ்டர், தேடி முடித்ததும் எல்லாவற்றையும் திரும்ப உள்ளே போட்டுவிடுவாய் அல்லவா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார். திட்டவும் இல்லை, உதவவும் இல்லை. மற்றொரு காட்சி: வகுப்பாசிரியை ஒருத்தி, வளர்ச்சி குன்றிய ஒரு பையனிடம் விளையாட்டாக, உனக்கு வால் இருக்கிறதா என்று கேட்டுவிடுகிறாள். ஹெட்மாஸ்டர் அவளைக் கடுமையாகக் கண்டிக்கிறார். ஆனால் பிள்ளைகள் எதிரில் அல்ல. மற்ற ஆசிரியர்கள் எதிரிலும் அல்ல. சமையலறைக்குள் வைத்து. டோட்டோ அதைத் தற்செயலாகக் கேட்டுவிட்டதால்தான் நமக்குத் தெரிகிறது. பள்ளித் தலைமை என்று தடித்தடியாகப் புத்தகம் போடுகிறார்கள்; அந்தச் சமையலறைக் காட்சி எனக்குப் போதும்.

இங்கே என் சொந்தக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் நான் படித்த பள்ளிக்கூடத்துக்கு ஒரு கலர் டெலிவிஷன் வந்தது. ஊரில் அப்போது அது நாலைந்து வீடுகளில்தான் இருந்தது. வந்த அன்றே ஹெட்மாஸ்டர் அறையில், பூப்போட்ட உறை மாட்டி, மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். எங்கள் விஞ்ஞான வாத்தியார் மூன்று தரம் எழுதிக் கேட்டார் என்று பிற்பாடு தெரிந்தது. கிடைக்கவில்லை. கலர் சாக்பீஸால் இருதயத்தைக் கரும்பலகையில் வரைந்து, ரத்தம் ஓடுவதை விரலால் காட்டினார். ஒரு தரம்தான் பெட்டியைத் திறந்தார்கள். இன்ஸ்பெக்ஷன் வந்த அன்று. திரை முழுவதும் ஒரே புள்ளி. ஆன்டெனா ஒயரை எலி கடித்திருந்தது. வந்த அதிகாரி டெலிவிஷனைப் பார்க்கவில்லை. ஸ்டாக் ரிஜிஸ்டரில் அது இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டார். நாங்கள் முட்டி போட்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த ஹெட்மாஸ்டரை வைத்து என் முதல் நாவலில் ஒரு வில்லன் செய்தேன். வாசகர்கள் சிரித்தார்கள். பல வருஷம் கழித்து, ஓய்வுபெற்றுத் தள்ளாமையில் இருந்தவரைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். நாவலை அவர் படிக்கவில்லை, நல்ல வேளை. பேச்சுவாக்கில் அந்த டெலிவிஷனைப் பற்றிக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"தம்பி, இதுக்கு முந்தின ஸ்கூல்ல ஒரு மைக்ராஸ்கோப்பைப் பசங்க கீழே போட்டு உடைச்சிட்டாங்க. ஆடிட்ல பிடிச்சு என் சம்பளத்துல கழிச்சாங்க. அந்த வருஷம்தான் என் பெரிய பொண்ணுக்குக் கல்யாணம்" என்றார்.

எனக்குப் பேச்சு எழவில்லை. ஒரு மனிதனை வில்லனாக்குமுன் அவன் சம்பளப் பட்டியலை விசாரித்திருக்க வேண்டும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

'டோட்டோ-சான்' புத்தகத்தின் மேல் எனக்குள்ள குறையும் அங்கிருந்துதான் பிறக்கிறது. அது நன்றியில் நனைந்த புத்தகம். எழுதியவள் குழந்தையாக நின்று அண்ணாந்து பார்க்கிறாள். அண்ணாந்து பார்க்கிற கண்ணுக்கு ஹெட்மாஸ்டரின் தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்று தெரியாது. கோபயாஷி தாமே தொடங்கிய பள்ளிக்கூடம் அது. பிள்ளைகளும் சுமார் 50 பேர்தான். ஒரு குழந்தைக்கு நாலு மணி நேரம் கொடுக்க அவரால் முடிந்தது. எங்கள் ஹெட்மாஸ்டருக்கு நாலு நிமிஷம் காது கொடுக்க யார் இருந்தார்கள்? மேலதிகாரிக்குப் பயந்தவர் பெட்டியைப் பூட்டினார். அவருக்குப் பயந்த வாத்தியார் மூன்று தரத்துக்கு மேல் கேட்கவில்லை. வாத்தியாருக்குப் பயந்த நாங்கள் ஜன்னலோடு நின்றோம். இந்தப் பயச் சங்கிலியைக் குழந்தையின் பக்கத்திலிருந்து மட்டும் அவிழ்க்க முடியாது. மேல் நுனியிலிருந்தும் அவிழ்க்க வேண்டும். 'எல்லா ஹெட்மாஸ்டரும் கோபயாஷி ஆகவேண்டும்' என்று பிரசங்கம் செய்கிறவர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. ஒரு மனிதரை மட்டுமே தூணாகக் கொண்ட கட்டடம் அந்த மனிதரோடு போய்விடும். டோமோயே 1945இல் விமானக் குண்டுவீச்சில் எரிந்தது. எரிவதைப் பார்த்துக்கொண்டே, அடுத்தது எப்படிப்பட்ட பள்ளிக்கூடம் கட்டலாம் என்று கோபயாஷி தம் மகனிடம் கேட்டார் என்று புத்தகம் சொல்கிறது. படிக்கும்போதெல்லாம் கண் கலங்கும் இடம் அது. ஆனால் மனத்தில் நினைத்த பள்ளிக்கூடத்தை மறுபடி கட்டிப் பார்க்காமலே 1963இல் காலமாகிவிட்டார்.

இருந்தாலும் அங்கே படித்த ஒரு குழந்தை என்ன ஆயிற்று என்று பாருங்கள். முதல் பள்ளிக்கூடத்தில் அடங்காப்பிடாரி என்று விலக்கப்பட்ட அந்தப் பெண், 1953இல் ஜப்பானில் டெலிவிஷன் ஒளிபரப்பு தொடங்கிய வருஷத்திலேயே அந்தப் பெட்டிக்குள் நுழைந்து நடிகையானாள். 1976இல் தொடங்கிய அவளுடைய பேட்டி நிகழ்ச்சி பல பத்தாண்டுகள் ஓடியது. வந்து உட்காருகிறவர்களைப் பேச வைத்துக் கேட்பதுதான் அதில் அவள் வேலை. கேட்கும் குணம் எங்கிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் பூட்டிக் கிடந்த அதே பெட்டிதான், இன்னொரு தேசத்தில் ஒரு ஹெட்மாஸ்டரின் காதை ஊர் முழுவதும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

மறுபடி யாராவது ஸ்மார்ட் போர்டு திறப்பு விழாவுக்கு என்னைக் கூப்பிட்டால், போகத்தான் போகிறேன். யந்திரம் வாழ்க என்றும் சொல்ல மாட்டேன், ஒழிக என்றும் சொல்ல மாட்டேன். மேடையில் இருக்கும் அதிகாரியைப் பார்த்து, மரியாதையாக ஒன்று கேட்பேன்: "ஐயா, பிள்ளைகள் தொட்டுத் தொட்டு இது உடைந்துபோனால், யார் சம்பளத்தில் கழிப்பீர்கள்?"

யார் சம்பளத்திலும் இல்லை என்று அவர் சொன்னால், முதல் கைத்தட்டல் என்னுடையது.